தட்டிக் கேட்டவர்

நான் அவரை முதன்முதலில் பார்த்தபோது அவர் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தார்.

பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தொங்கினார். சுவரில் புதிதாக அடித்திருந்த ஒரு பலகையின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையிலிருந்து தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு தொங்கினார். நல்ல கனத்த சரீரம், நாற்பது வயது இருக்கும். துறையூரிலிருந்து கல்யாணமாகி வந்து, திருச்சி பாலக்கரையில் ஒரு பெரிய வீட்டின் ஒரு போர்ஷனில் நான் குடிபுகுந்த முதல் நாள் அது. வந்த அன்றைக்கே உப்பு இரவல் கேட்கக் கூடாது என்பார்கள். ஆனால் உலை கொதித்துக்கொண்டிருந்தது, வேறு வழியில்லை. பக்கத்துப் போர்ஷனில் எட்டிப் பார்த்தவள், யாரோ பேய் பிடித்த பொம்பளை என்று நினைத்துத் திரும்பி ஓட இருந்தேன்.

"ஓடாதே, இரு. இன்னும் கொஞ்ச நேரம் தொங்கணும்" என்றார் கண்ணைத் திறக்காமலேயே. "நான் விழலைன்னா என் ஜாடியும் விழாது. உனக்கு என்ன வேணும்?"

"உப்புங்க."

"உப்புக்கு இந்த வீட்டுல பஞ்சமா? மூட்டையே இருக்கு, அள்ளிக்க."

அவர் ஊறுகாய் போட்டு விற்பவர். நார்த்தங்காய், எலுமிச்சை, மாவடு, கிடாரங்காய் என்று பருவத்துக்கு ஒன்றாகப் பீங்கான் ஜாடிகளில் ஊறிக்கொண்டிருக்கும். பெரிய ஜாடி ஒன்றை ஒரு ஆள் தூக்குவது கஷ்டம். இருந்த ஒரே அறையில் தரை முழுக்க அரிந்த காயும் முறமுமாகப் பரந்து கிடக்கும், ஆகவே ஜாடிகள் சுவரேறித்தான் ஆகவேண்டும். கணவர் பினாங்குக்குப் போனவர், போனவர் போனவர்தான். அதைப் பற்றி யாராவது விசாரித்தால், "அவரைத் தட்டிப் பாக்காம கட்டிக்கிட்டேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு எலுமிச்சையை நறுக்கத் தொடங்கிவிடுவார்.

அந்த வீட்டுச் சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அவரைப் புரியாது. வீட்டுச் சொந்தக்காரரை நாங்கள் எல்லோரும் முதலாளி என்போம். அவருடைய அப்பா காலத்தில், பெரிய கூடத்தைத் தடுத்துத் தடுத்துப் போர்ஷன்களாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். தடுப்பு என்றால் செங்கல் இல்லை. இடைவெளி விட்டு மரச்சட்டங்களை நிறுத்தி, இரண்டு பக்கமும் மூங்கில் பிளாச்சுகளை ஆணியடித்து, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசி வெள்ளையடித்த சுவர். பார்த்தால் மகாராஜா அரண்மனைச் சுவர் மாதிரி பளபளவென்று இருக்கும், ஆனால் உள்ளே வெற்றிடம். அதற்குள் எலிகள் ஓடுவது எங்களுக்குக் கேட்கும். நான் என் கணவரிடம் முணுமுணுப்பது பக்கத்துப் போர்ஷனில் அக்காவுக்கு, அவரை அப்படித்தான் கூப்பிடுவேன், கேட்கும். மறுநாள் காலையில் அதற்குப் பதில் சொல்லுவார்.

இந்தச் சுவரில்தான் அவர் அத்தனை கனமான ஜாடிகளை ஏற்றியிருந்தார். எப்படி என்று கேட்டால் நடு விரலை மடக்கி, அதன் முட்டியைக் காட்டுவார். அந்த முட்டியால் சுவரை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் தட்டிக்கொண்டே போவார். தலையைச் சாய்த்துக் காதைக் கொடுப்பார். டொம், டொம், டொம் என்று வரும், திடீரென்று ஓரிடத்தில் டக் என்று நிற்கும். அங்கே உள்ளே சட்டம் இருக்கிறது என்று அர்த்தம். கரித்துண்டால் ஒரு கோடு போடுவார். அப்படிக் கண்டுபிடித்த சட்டங்களைச் சேர்த்தாற்போல குறுக்கே ஒரு தேக்குப் பலகையைத் திருகாணி போட்டு இறுக்கி, அந்தப் பலகையில்தான் தட்டை மாட்டுவார். பிளாச்சில் ஒரு சின்ன ஆணி அடிக்கக்கூட விடமாட்டார். எல்லாம் முடிந்ததும் கடைசியாக அவரே தொங்குவார்.

"தட்டு மாட்டறதுக்கு முன்னாடி தட்டு. ரெண்டும் ஒரே வார்த்தை. அதுக்குள்ள எவ்வளவு புத்தி இருக்கு பாரு" என்பார். தமிழே தனக்காகத்தான் உண்டானது போல ஒரு பெருமிதம் முகத்தில் தெரியும். அடக்கம் என்பதெல்லாம் அவரிடம் கிடையாது.

அவருக்கு உலகத்தில் இரண்டே வகைப் பொருள்கள்தான், கெட்டி, காலி. மார்க்கெட்டில் புது ஜாடி வாங்கப் போனால் கடைக்காரன் கும்பிடு போடுவான். ஒவ்வொரு ஜாடியாகத் தட்டி, விரிசல் இருப்பதை ஒதுக்கி, நல்லதாக இருப்பதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் ஒன்றே ஒன்று வாங்குவார். ஒருமுறை கோவிலில், எங்கள் கோவில் இல்லை, அவர் போகிற மாதா கோவிலில், பூசை நடந்துகொண்டிருக்கும்போதே சலவைக்கல் தூண் ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு "காலி" என்றாராம். மரத்தில் செய்து வர்ணம் பூசிய தூண் அது. சாமியார் திரும்பிப் பார்த்தாராம். "சேசுவே, என் வாய் சும்மா இருக்காதே" என்று எங்களிடம் சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தார்.

கடைசிப் போர்ஷன் பெண்ணுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போனவர்களோடு அக்காவும் போனார். பெரிய வீடு, பெரிய பேச்சு, கூடத்தில் ஆளுயர பீரோ. எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது இவர் எழுந்து போய் பீரோவை மேலே ஒரு தட்டு, நடுவில் ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு தட்டினார். வெளியே வந்ததும் பெண்ணின் அப்பாவிடம், "மேலேருந்து கீழ வரைக்கும் காலிங்க. இல்லாதவங்கன்னா தப்பில்லை. இருக்கற மாதிரி பூட்டு போட்டு வெச்சிருக்காங்க பாருங்க, அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார். அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. பிறகு அந்த வீடு கடனில் மூழ்கிக் கிடந்த சேதி எங்களுக்கு வந்தது. பெண்ணின் அம்மா அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மலைக்கோட்டைக்கு என்னோடு ஒருநாள் வந்தார். படியேறும் வழியில் பாறையைத் தட்டினார். முட்டி வலித்திருக்க வேண்டும், கையை உதறினார். "இந்த ஊர்ல இது ஒண்ணுதான், துறையூரு, கெட்டி" என்றார்.

என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நான் துறையூரு. முதல் நாள் உப்பை அள்ளிக்கொண்டு திரும்பியவளை நிறுத்தி, என் முதுகிலும் அந்த முட்டியால் தட்டினார். ஊர் எப்படி என்று கேட்டதற்கு "நல்லா இருக்குங்க", வீடு எப்படி என்றதற்கு "நல்லா இருக்குங்க", புருஷன் எப்படி என்றதற்கும் "நல்லா இருக்குங்க" என்று தலையாட்டியிருந்தேன். "காலி" என்றார். கோபம் கோபமாக வந்தது. ஆனால் அதையும் சொல்லத் தெரியாமல் "சரிங்க" என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வருஷம் எனக்குக் குழந்தை பிறந்தது. பெண். உலக யுத்தம் வருவதற்குக் கொஞ்ச காலம் முன்பு. அந்தச் சமயத்தில்தான் முதலாளியின் தங்கை மகன் எங்கள் போர்ஷனுக்கு முன்பக்கம், தெருவைப் பார்த்த அறையில், பாத்திரக் கடை வைத்தான். அவன் அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவே ஒரே சுவர். அது அந்தப் பிளாச்சுச் சுவர்தான்.

நல்ல நேரம் போய்விடும் என்று அவசர அவசரமாக ஆணியடித்தார்கள். பாரமான சாமான் கன்னி மூலையில் இருந்தால் கடை செழிக்கும் என்று யாரோ பெரியவர் சொல்லிவிட்டாராம். ஆகவே தென்மேற்கு மூலையில் இரும்புத் தாங்கிகளை அடித்து, மேலே பலகை போட்டு, அண்டாவும் கொப்பரையும் வெண்கலப் பானையுமாக உச்சி வரைக்கும் அடுக்கிவிட்டான். அந்த மூலைக்கு நேர் பின்னால்தான் என் குழந்தையின் தூளி. எங்கள் அறையில் தூளி கட்டத் தோதான உத்திரம் அங்கே மட்டும்தான் இருந்தது. அப்படியே நகர்த்தினாலும் எங்கே நகர்த்துவது? கால் நீட்டினால் எதிர்ச் சுவரில் இடிக்கிற அறை. சுவர் சரிந்தால் மொத்தமாக எங்கள் மேல்தான் சரியும்.

முதலில் தூளியின் மேல் சுண்ணாம்புத் தூள் விழுந்தது. தட்டிவிட்டேன். பிறகு சுவரில் தலைமயிர் போல ஒரு கீறல் தெரிந்தது. கடையில் ஒவ்வொரு புதுப் பானை ஏறும்போதும் அது கொஞ்சம் நீண்டது. குழந்தையின் கன்னத்தில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்ததைப் பார்த்த அன்றைக்கு, துடைத்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன்.

என் கணவரிடம் சொன்னேன். ஜவுளிக் கடையில் கணக்கெழுதுகிறவர், பரம சாது. தட்டிக் கழிப்பதில் அவரை மிஞ்ச திருச்சி ஜில்லாவிலேயே ஆள் கிடையாது.

"முதலாளியோட மருமான்கிட்ட போய் நான் என்னத்தைச் சொல்றது? வீட்டைக் காலி பண்ணுன்னுடுவாரு" என்றார். "நீ வேணா கொஞ்ச நாள் துறையூருக்குப் போயிட்டு வாயேன்."

"சுவர் அதுக்குள்ள தானா சரியாயிடுமா?" என்று கேட்டேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். நான் தூளியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "இந்த அநியாயத்தைத் தட்டிக் கேக்க யாருமே இல்லையா?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கத்துச் சுவரிலிருந்து பதில் வந்தது. டொக், டொக்.

"இதோ வரேன்" என்றார் அக்கா.

வந்தவர் என்னைத் தேற்றவில்லை. நேராகச் சுவருக்குப் போனார். கீறலின் இரண்டு பக்கமும் தட்டிக்கொண்டே போனார். டொம், டொம், டொம், டொம். டக் என்ற சத்தம் வரவே இல்லை. அவர் முகம் மாறியது. கீழே உட்கார்ந்து தட்டினார், முக்காலி போட்டு ஏறித் தட்டினார். இறங்கி வந்து, "இங்க முந்தி ஒரு வாசல் இருந்திருக்கு" என்றார். "அதை அடைச்சப்ப சட்டம் வைக்காம விட்டுட்டாங்க. ஒரு கதவு அகலத்துக்கு வெறும் பிளாச்சு. அந்தப் புண்ணியவான் கடையையே இதுலதான் தொங்க விட்டிருக்கான்."

அங்கே வாசல் இருந்தது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் அந்தச் சுவரையே பார்த்தேன். வெள்ளையடித்த வெறும் சுவர். அதில் அவருக்கு மட்டும் ஒரு வாசல் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த பிரமிப்பு இத்தனை வருஷமாகியும் குறையவில்லை.

கடைக்குப் போய்ச் சொன்னார். அந்தப் பையன் சிரித்தான். "கன்னி மூலைங்க, பாரம் ஏத்த ஏத்த நல்லது. ஆசாரி அடிச்ச ஆணி, யானை இழுத்தாலும் வராது."

"கன்னி மூலை பாரம் கேக்கும் தம்பி. பிளாச்சு கேக்குமா?"

"ஊறுகாய் பத்திச் சொல்லுங்க, கேக்கறேன். சுவத்தைப் பத்திப் பொம்பளைங்க ஏன் பேசறீங்க? அதெல்லாம் தாங்கும்."

அக்கா திரும்பி வந்தார். சரி, அவ்வளவுதான் என்று நினைத்தேன். சாயங்காலம் கடையில் கூட்டம் சேருகிற நேரத்தில், ஒரு கையில் மணைக்கட்டை, ஒரு கையில் முறம், முறத்தில் எலுமிச்சம்பழமும் கத்தியுமாக வெளியே போனார். கடைக்குள் நுழைந்தார். கன்னி மூலைக்குப் போனார். அத்தனை வெண்கலத்துக்கும் நேர் கீழே மணையைப் போட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பழத்தை நறுக்க ஆரம்பித்தார்.

"எழுந்திருங்கம்மா! யாவாரம் நடக்கற இடம் இது" என்றான் அவன்.

"தாங்கும்னு சொன்னீங்களே தம்பி. தாங்கறதுக்குக் கீழ உக்காந்தா உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"தாங்கும்தான்."

"அப்ப வாங்க. நீங்களும் இப்படி வந்து உக்காருங்க. ரெண்டு பேருக்கு இடம் இருக்கு."

அவன் வரவில்லை. பாத்திரம் வாங்க வந்தவர்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து நின்றார்கள். தெருவில் போகிறவர்களும் நின்றார்கள். அவன் இடது கால் ஒரு அடி முன்னால் வந்தது, மேலே அண்டாவைப் பார்த்ததும் திரும்பப் போய்விட்டது. முதலாளியைக் கூட்டிவர ஆள் ஓடியது.

நான் தெருவோரத்தில் நின்று இதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் குழந்தை. யாருடைய குழந்தைக்காக யார் அங்கே உட்கார்ந்திருப்பது என்று தோன்றியது. பக்கத்தில் நின்ற கடைசிப் போர்ஷன் பெண்ணிடம் குழந்தையைக் கொடுத்தேன். எப்படி நடந்து போனேன் என்று தெரியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவர் கத்தி நின்றுபோனது. "உன்னை யார் வரச் சொன்னா? எழுந்து போ துறையூரு. புள்ளைக்காரி."

"நீங்க எழுந்திருங்க. நானும் எழுந்திருக்கேன்."

அதற்குள் கூட்டத்தில் குடையோடு என் கணவர். வேலையிலிருந்து திரும்பிய நேரம். "ஏய், வா இந்தப் பக்கம்! என்ன பைத்தியக்காரத்தனம்?" என்று கத்தினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதற்கும் நான் தலையாட்டாமல் இருந்ததில்லை. அன்றைக்கு "மாட்டேங்க" என்றேன். சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது, தெருவே திரும்பிப் பார்த்தது.

அக்கா என் காதோரம், "முதுகை நல்லா சாச்சுக்க. கேக்குதா?" என்றார். சாய்ந்தேன். சுவருக்குள்ளே எங்கேயோ மெல்லிய ஒரு முறுமுறுப்பு. எலி இல்லை அது. எலி ஓடும், நிற்கும். இது நிற்கவே இல்லை.

"கேக்குதுங்க" என்றேன்.

"எனக்கு மத்தியானத்துலேருந்தே கேக்குது."

முதலாளி வந்தார். கடையைப் பார்த்தார், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், மேலே பார்த்தார். மருமானிடம், "நீதானே தாங்கும்னே? போய் உக்காருடா அவங்க பக்கத்துல" என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். முதலாளிக்கு அது போதுமானதாக இருந்தது. "இறக்குங்க எல்லாத்தையும்" என்றார்.

அப்போதும் அக்கா எழுந்திருக்கவில்லை. ஒரே பக்கமாக இறக்கினால் பாரம் சாய்ந்து மொத்தமும் வந்துவிடும் என்று, முதுகைச் சுவரிலேயே வைத்துக்கொண்டு, "மேலேருந்து எடுங்க. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் அசையவில்லை. தைரியம் என்று நினைக்காதீர்கள், கால் மரத்துவிட்டது. கடைசிக் கொப்பரை தரைக்கு வந்ததும் அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்தார். கூட்டத்தில் நின்ற ஆசாரி வந்து, தாங்கியை அசைத்துப் பார்க்கக் கை வைத்தார். அவ்வளவுதான் செய்தார். யானை இழுத்தாலும் வராத ஆணி, பிளாச்சோடும் சாந்தோடும் அவர் கையில் வந்துவிட்டது. கடைப் பக்கத்து ஓட்டை வழியாக, எங்கள் பக்கத்துப் பிளாச்சும் எங்கள் அறைக்குள் துருத்திக்கொண்டு நிற்பது தெரிந்தது. அதற்கு அப்பால்தான் தூளி.

முதலாளி அந்த ஓட்டையைத் தடவிப் பார்த்து, "எங்கப்பா காலத்துல இங்க ஒரு வாசல் இருந்தது. எனக்கே மறந்து போச்சு" என்றார். "உங்களுக்கு யாரும்மா சொன்னா?"

"யாரும் சொல்லலை. தட்டினேன், கேட்டேன்" என்றார் அக்கா.

வெளியே வந்த பிறகு, பயமாக இல்லையா என்று கேட்டேன். "பயமா இல்லாம? ஒரு பழத்தைக்கூட ஒழுங்கா நறுக்கலை பாரு" என்று முறத்தைக் காட்டினார். எலுமிச்சை எல்லாம் கோணலும் மாணலுமாகக் கிடந்தது.

பிறகு கடையில் கனத்த பாத்திரங்கள் தரையில் நின்றன. மேலே இலேசான சொம்பும் டம்ளரும் மட்டும், அதுவும் சட்டம் உள்ள இடமாகப் பார்த்து, குறுக்கே தேக்குப் பலகை போட்டு. பலகை ஏறிய அன்றைக்கு அக்கா போய்த் தொங்கினார். இறங்கி வந்து, "நீங்க தம்பி?" என்றார். பாவம், அந்தப் பையனும் தொங்கினான். தெருவே சிரித்தது, கடைசியில் அவனும் சிரித்துவிட்டான்.

முதலாளி சிரிக்கவில்லை. அந்த மாதக் கடைசியிலேயே, ஊறுகாய் ஜாடிகள் சுவருக்குப் பாரம் என்று சொல்லி அக்காவை இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அந்த வீட்டிலேயே பத்திரமாக இருந்த ஒரே சுவர் அவருடையதுதான். எனக்கு நெஞ்சு ஆறவில்லை, நான் போய்ப் பேசுகிறேன் என்றேன். என் கணவர்கூட, குடையை வைத்துவிட்டு, "நானும் வரேன்" என்றார். அக்கா தடுத்துவிட்டார். எடமலைப்பட்டி புதூரில் செங்கல் சுவராக ஒரு வீடு பார்த்துத் தட்டிவிட்டு வந்திருந்தார்.

பிற்காலத்தில் நாங்களும் ஸ்ரீரங்கத்தில் வீடு பார்க்கப் போனோம். நான் சுவரைத் தட்டிக்கொண்டே போவதைப் பார்த்து வீட்டுக்கார மாமி, "ஏண்டியம்மா, உள்ளே யாராவது இருக்காளான்னு பாக்கறியா?" என்று கேட்டாள். இருக்கிறார் என்று சொன்னால் பயந்துவிடுவாளே என்று சும்மா இருந்துவிட்டேன்.

அக்கா கிளம்பிய காலையில் மாட்டு வண்டியில் ஜாடிகளை வைக்கோல் போட்டு ஏற்றினார்கள். வண்டியின் பலகையைத் தட்டிப் பார்த்தார், வண்டிக்காரனையும் ஒரு முறை முறைத்தார். குழந்தையை வாங்கி முத்தம் கொடுத்தார். நான் அழுதுகொண்டு திரும்பி நின்றேன். அப்போது என் முதுகில் அந்த முட்டி பட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று. திரும்பாமலேயே தெரிந்தது, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"கெட்டி" என்றார். "பயப்படாம பாரம் ஏத்தலாம்."